நாற்பத்து மூன்று உறைகள்

நேர்முகத்தில் கேட்டார்கள்:
இந்தப் பதினொரு மாத இடைவெளி என்ன?
அதற்கு முன் மூன்று இடங்களில்
தங்கையின் பிள்ளைப்பேறு என்று
நான் பொய் சொன்ன இடைவெளி அது.
தங்கைக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை.
இங்கே உண்மையைச் சொன்னேன்.
அதைத்தான் தகுதி என்று குறித்துக்கொண்டார்கள்.

வாசலில் மதுஷனின் அம்மா.
"டொக்டரோ?"
இல்லை.
"நேர்ஸோ?"
இல்லை.
"அப்ப?"
என் கழுத்து அட்டையில் இருப்பதற்குத்
தமிழில் ஒழுங்கான சொல் கிடையாது.
சகபாடி என்று சொல்லிப் பார்த்தேன்.
"அவனோட படிச்சனீங்களோ?"
ஒரு வகையில் ஓம்.
அதே வகுப்பு, அதே வார்டு,
சப்பாத்துக் கயிற்றைக் கழற்றி வாங்கிக்கொள்கிற அதே மேசை.
அவன் உள்ளே போகும்போது
நான் வெளியே வந்து ஆறு வருடம்.

பிறகு, எந்த ஊர் என்றார்.
சொந்தம் கண்டுபிடிக்கக் கேட்கிற கேள்வி.
அவர் கேட்டது
சொந்தமில்லை என்று நிச்சயப்படுத்த.
கரவெட்டி என்றேன்.
அவர்கள் தீவுப் பக்கம்.
மூச்சை விட்டார்.
தேத்தண்ணி வந்தது.

டான்டினோங்கில்
பல் வைத்தியருக்கும் இறைச்சிக்கடைக்கும் மேலே எங்கள் அறை.
புதன் நாலு மணி.
ஒரே ஒரு சட்டம்: புத்தி சொல்லக் கூடாது.
வீடுகளில் கட்டிக் கொடுத்தனுப்பியதே
எல்லோரிடமும் மிஞ்சிக் கிடக்கிறது.

"நேற்றுக் குளித்தேன்" என்பான் டெங்.
யாரும் சிரிக்க மாட்டோம்.
அது எவ்வளவு தூரம் என்று
அறையில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று புதன் மதுஷன் வாயைத் திறக்கவில்லை.
நாலாம் புதன்
ஒரு கோல்ஸ் பையை மேசையில் வைத்தான்.
உள்ளே, போன மார்ச்சிலிருந்து
பிரிக்காத கடிதங்கள்.
ஸாஹ்ரா எண்ணினாள். நாற்பத்து மூன்று.

"கடிதத்துக்குப் பயமில்ல" என்றான்,
"உறை கிழியிற சத்தத்துக்கு."

டெங் குசினிக்குப் போய்
பட்டர் பூசுகிற கத்தியோடு வந்தான்.
ஸாஹ்ரா கேத்திலைப் போட்டாள்.
அது கொதித்து இரைந்தபோது
பத்து உறைகளை வெட்டினோம்.
தண்ணீர் ஊற்றி மறுபடி போட்டாள்.

ஏழு கடிதம் ஒரே கடன்,
ஏழு உடுப்பு மாற்றி வந்திருந்தது:
நெடுஞ்சாலைச் சுங்கம், நாலு டொலரில் தொடங்கி.
ஒன்று, வேறு வீட்டுக்காரருடையது.
ஒன்று, கீழ்மாடிப் பல் வைத்தியரிடமிருந்து
இருபத்தோராவது பிறந்தநாள் வாழ்த்து.
அன்று அவன் கதவைத் திறக்கவில்லையாம்.
வெளியே கேக் இருந்ததாம்,
அம்மா அதைப் பிறகு என்ன செய்தாள் என்று
இன்னும் கேட்கவில்லையாம்.

எல்லாம் சரியாகிவிடும் என்று
என் நாக்கின் நுனிவரை வந்தது.
சட்டம் எனக்கும்தான்.
"நான் என்ரைய ஃப்ரீசருக்குள்ள வைச்சனான்" என்றேன்,
"கறிவேப்பிலைக்குக் கீழ."
நிமிர்ந்து பார்த்தான். முதல் தடவை.
"எத்தினை?"
"எண்ணேல்ல."
"எண்ணியிருக்கலாம்" என்றான்,
கொஞ்சம் பெருமையாக.

கடைசியில் ஒன்று மிஞ்சியது.
மூலையில் பல்கலைக்கழக முத்திரை.
டெங் கத்தியை நீட்டினான்.
கேத்தில் கொதித்து
தானாக அணைந்தது.
மதுஷன் உறையைப் பெருவிரலால் தடவி
பையின் அடியில் வைத்து
பையைச் சுருட்டினான்.
"இது அடுத்த புதன்."

எல்லோரும் போன பிறகு அறிக்கைப் படிவம்.
இடர் நிலை: குறைவு, நடுத்தரம், அதிகம்.
நடுத்தரத்தில் புள்ளடி போட்டேன்.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
பிரித்தது 42. மீதி 1.
பால் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.